மழைக்குப் பிறகு எந்தக் குதிரை?
லாடக்காரர் பதில்கள்

என் அப்பா குன்னத்தூர் சந்தையில் மாடுகளுக்கு லாடம் கட்டியவர். நான் 1979-ல், 19 வயதில், மாமாவோடு ஊட்டிக்குப் போய் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் கட்டப் பழகினேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை மலை, மற்ற மாதங்களில் ஊரில் மாடும் வண்டிக்குதிரையும். 2011-ல் முதுகு ஒத்துழைக்காமல் அரத்தைக் கீழே வைத்தேன். சென்ற இதழில் குளம்பு பராமரிப்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: மழையும் தரையும் பந்தயத்தை எப்படி மாற்றுகின்றன? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி அங்கே குதிரைப் பந்தயம் பார்க்கப் போவான். "மழை பெய்தால் நேற்று வரை ஜெயித்த குதிரைகூட பின்னால் வருது அண்ணா" என்கிறான். ஒரு மழைக்கு அவ்வளவு வித்தியாசம் வருமா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

நீங்கள் கோபிக்காரர் என்பதால் வயலை வைத்தே சொல்கிறேன். தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று நடும்போது இறங்கியிருப்பீர்கள். தண்ணீர் நிற்கும் சேற்றில் கால் உள்ளே போகும், சளக்கென்று வெளியே வந்துவிடும். அதே வயலில் தண்ணீரை வடித்துவிட்டு ஒரு நாள் கழித்து நடந்து பாருங்கள். சேறு காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பத்தடி நடப்பதற்குள் தொடை வலிக்கும். மழை பெய்துகொண்டிருக்கும் தரையும், மழை விட்டு அரைகுறையாகக் காய்ந்த தரையும் குதிரைக்கும் இப்படித்தான் இரண்டு வேறு தரைகள். "ஈரத்தில் ஜெயித்த குதிரை" என்று ஒருவர் சொன்னால், எந்த ஈரம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இப்போது காலுக்கு வருவோம். பந்தயக் குதிரை சுமார் 450 முதல் 500 கிலோ இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது பல நொடித்துளிகளில் ஒரே ஒரு கால்தான் தரையில் இருக்கும். அந்த ஒரு காலின் மீது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை பாரம் இறங்குகிறது. ஆயிரம் கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் குளம்பு நம் உள்ளங்கையை விரித்தால் மூடிவிடுகிற அளவுதான். 32 வருடம் அதைத் தூக்கி மடியில் வைத்து வேலை செய்தவன் நான். ஒவ்வொரு முறையும் இந்தச் சின்ன இடம் எப்படித் தாங்குகிறது என்ற ஆச்சரியம் எனக்குப் போனதே இல்லை.

நல்ல புல்தரை அந்தப் பாரத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். குளம்பு விழுந்ததும் விரல்கடை அளவு வழுக்கும், பின்பக்கம் அமுங்கும், அப்புறம் முன்நுனி மண்ணைக் குத்தி உந்தும். தரை காய்ந்து கல்லாகிவிட்டால் அமுங்குவதற்கு இடமில்லை. அதிர்ச்சி முழுவதும் எலும்புக்கும் மூட்டுக்கும் ஏறுகிறது. ஆனால் உந்துவதற்கு உறுதி இருப்பதால் வேகம் கிடைக்கிறது. தரை ஊறிவிட்டால் நேர்மாறு. அதிர்ச்சி குறையும், ஆனால் ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்கச் சக்தி செலவாகும். ஈரத்தில் 1200 மீட்டர் ஓட வேண்டுமென்றால், காய்ந்த தரையில் அதைவிட நீண்ட தூரத்தைத் தாங்குகிற மூச்சு வேண்டும். வேகத்தை மட்டும் நம்பியிருக்கும் குதிரை கடைசி 200 மீட்டரில் நின்றுவிடுவது இதனால்தான். முதுகில் அதிக எடை சுமக்கும் குதிரைக்கும் அங்கே பாரம் கூடுதலாகத் தெரியும்.

உங்கள் தம்பி பார்த்த குதிரை கெட்ட குதிரையாகியிருக்காது. முழங்காலை அதிகம் தூக்காமல், புல்லைச் சீவுவதுபோலத் தாழ்வாகக் கால் வீசி ஓடும் குதிரைகள் உண்டு. காய்ந்த தரையில் அவை பறக்கும், சேற்றில் தடுமாறும். முழங்காலை உயர்த்தி, மேலிருந்து கீழாகக் காலை வைக்கிற குதிரைக்கு ஈரம் அவ்வளவு உறுத்தாது. அகன்ற குளம்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒட்டகத்தின் பாதம் ஏன் மணலில் புதைவதில்லையோ, அதே காரணம். பந்தயத்துக்கு முன்பு குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் எல்லோரும் பளபளக்கும் முதுகைப் பார்ப்பார்கள். தம்பியைக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பந்தயப் புத்தகத்தில் "பெனட்ரோமீட்டர்" என்று ஒரு எண் வருகிறது. அது என்ன? வெளிநாட்டுச் செய்திகளில் வேறு மாதிரி எண் வருகிறதே? – கல்லூரி மாணவர், கோவை

ஒரே எடையை ஒரே உயரத்திலிருந்து ஒரு கம்பியின் மேல் விழவிட்டு, அந்தக் கம்பி தரைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அதிகம் இறங்கினால் தரை மென்மை. அதனால் நம் நாட்டில் எண் கூடினால் ஈரம் கூடியிருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் கோயிங்ஸ்டிக் என்று ஒரு கருவி. தரையில் குத்தி, சாய்த்துப் பார்க்கிறார்கள். அதில் எண் கூடினால் தரை இறுக்கம். ஆஸ்திரேலியாவில் 1 முதல் 10 வரை மதிப்பு கொடுக்கிறார்கள். 1 காய்ந்த தரை, 10 சேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் எண் என்பதை முதலில் கேளுங்கள்.

அந்த எண்ணில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல இடங்களில் குத்திப் பார்த்து, சராசரியைத்தான் அறிவிக்கிறார்கள். குதிரை சராசரியின் மேல் ஓடுவதில்லை. உள்வேலி ஓரம் வாரக்கணக்கில் மிதிபட்டுப் புல் போயிருக்கும். தாழ்ந்த மூலையில் தண்ணீர் நின்றிருக்கும். அதிலிருந்து நாலு கஜம் வெளியே வந்தால் தரை உறுதியாக இருக்கும். காலையில் எடுத்த எண், நாலாவது பந்தயம் ஓடி முடித்த தரைக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஊட்டியில் நாங்கள் செய்தது எளிமையானது. முதல் இரண்டு பந்தயங்களைச் சும்மா பார்ப்போம். கடைசி வளைவு திரும்பியதும் ஜாக்கிகள் உள்வேலியை விட்டு வெளியே வருகிறார்களா என்று பார்ப்போம். அவர்கள் காலையில் அதே தரையில் குதிரையை ஓட்டிப் பார்த்தவர்கள். நாலைந்து பேர் சேர்ந்தாற்போல வெளியே வந்தால் உள்ளே தரை செத்துவிட்டது என்று அர்த்தம். முதல் பந்தயம் முடிய எடுத்த நேரத்தையும் வழக்கமான நேரத்தோடு ஒப்பிடுவோம். இந்த இரண்டும் அந்த எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

வெளிநாட்டு விஷயம் கேட்டதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஃபிராங்கெல் என்ற குதிரையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 14 பந்தயம் ஓடி 14-லும் ஜெயித்தது. 2012 ஆகஸ்டில் யார்க்கில் காய்ந்த தரையில் 7 குதிரை நீளம் முந்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்காட்டில் தன் கடைசிப் பந்தயத்தை ஓடியபோது தரை ஊறிக் கிடந்தது. எதிரே ஈரத்தை விரும்பும் பிரெஞ்சுக் குதிரை சிரஸ் தே எகிள். அன்று வித்தியாசம் ஒன்றே முக்கால் நீளம்தான். உலகமே பார்த்த அந்தக் குதிரைக்கே தரை இவ்வளவு செய்தது. மகன் போனில் அதைப் போட்டுக் காட்டியபோது, கடைசி 300 மீட்டரில் நான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் பக்கம் ரேக்ளாதான். இதற்கும் தரை கணக்கு உண்டா? – வாசகர், உடுமலைப்பேட்டை

குதிரையைவிட அதிகமாகவே உண்டு. குதிரைப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே தரையில் ஓடுகிறார்கள். நம் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு வண்டியாக ஓட்டி நேரம் எடுக்கிறோம். காலை ஏழு மணிக்கு ஓடும் ஜோடிக்குப் பனி ஈரத்தில் இறுகிய மண். பதினொரு மணிக்கு ஓடும் ஜோடிக்கு நூறு வண்டி ஓடி நொறுக்கிய புழுதி. நேரத்தில் நூலிழை வித்தியாசத்துக்குப் பரிசு போகிற ஆட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த தடம் ஒரு மழை பெய்தாலும் தண்ணீரை இறக்கிவிடும். கரிசலில் மழை பெய்தால் அன்றைக்கு வண்டி பூட்டாதீர்கள். சக்கரத்தில் அப்பும், லாடத்துக்கடியில் கட்டியாகச் சேர்ந்து காளை வழுக்கும். நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: இருபது வண்டிக்கு ஒருமுறை தடத்தை இழுத்துச் சமன் செய்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கடைசியாகப் பேர் கொடுத்தவனின் காளையும் அதே அளவு தீனி தின்றுதான் வந்திருக்கிறது.

கேள்வி: நேரடியாகவே கேட்கிறேன். மழை நாளில் எந்தக் குதிரை மேல் பணம் கட்டினால் வரும்? – வாசகர், திருப்பூர்

நேரடியாகவே சொல்கிறேன். தரையைப் பார்த்து எந்தக் குதிரை வராது என்று ஓரளவு சொல்லலாம். எது வரும் என்று சொல்ல முடியாது. இதை நான் கற்றுக்கொண்டது 1986 மே மாதத்தில்.

ஒரு செவலைப் பெண்குதிரை. மூன்று வாரமாக அதற்கு நான்தான் லாடம் கட்டினேன். சின்ன, நிமிர்ந்த குளம்பு. தாழ்வாகக் கால் வீசும். காய்ந்த தரையில் இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்திருந்தது. அந்த ஊரில் அதன் காலை என்னைவிட அறிந்தவர் யாருமில்லை. வீட்டுக்கு மணியார்டர் அனுப்ப வைத்திருந்த 300 ரூபாயை, ரேட் (ஜெயித்தால் கிடைக்கும் மடங்கு) குறைந்துவிடும் என்ற அவசரத்தில், முதல் பந்தயம் தொடங்கும் முன்பே புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்குபவரிடம், கட்டிவிட்டேன். அது ஓட வேண்டியது கடைசிக்கு முந்தைய பந்தயம். ஒன்றரை மணிக்கு தொட்டபெட்டா பக்கம் கறுத்தது. இரண்டு மணிக்கு இறங்கிய மழை முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அந்தக் குளம்புக்கு இந்தத் தரை ஆகாது என்பதை அங்கே நின்றிருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் பணம் போய்விட்டது. எட்டாவதாக வந்தது. இறங்கிய ஜாக்கி, "தரை பிடியே கொடுக்கலைங்க" என்றார். அந்த மாதம் என் மனைவி பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டப் போய்க் குடும்பத்தை நடத்தினாள். அதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. ஜூலையில் ஊருக்கு வந்தபோது என் மாமியார் சொல்லித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து வானம் முடிவு செய்யாத நாளில் நான் பணம் கட்டியதில்லை. மழை வரலாம், வராமலும் போகலாம் என்ற நாளில் முன்கூட்டிக் கட்டுவது இரண்டு பந்தயம் கட்டுவதற்குச் சமம். ஒன்று குதிரை மேல், இன்னொன்று மேகத்தின் மேல். மேகத்துக்கு நீங்கள் லாடம் கட்டியதில்லை.

சரி, மழை பெய்து முடிந்துவிட்டது, ஈரத்தில் ஓடும் குதிரை இன்னது என்று தெரிகிறது, அப்போது கட்டலாமே என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்தது மைதானத்தில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஒன்றுக்கு நாலு (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் அந்த ரூபாயோடு நாலு ரூபாய் லாபம்) என்று இருந்த குதிரை, மழைக்குப் பிறகு ஒன்றுக்கு இரண்டாகிவிடும். ஒன்றுக்கு நாலு என்றால் ஐந்து முறையில் ஒரு முறை ஜெயித்தாலே கட்டுப்படியாகும். ஒன்றுக்கு இரண்டு என்றால் மூன்றில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும். மழை அந்தக் குதிரையின் வாய்ப்பை ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றாக உயர்த்தியிருக்கலாம். ஆனால் ரேட் அதையும் தாண்டிக் குறைந்துவிட்டது. குதிரை நல்ல குதிரையாகியிருக்கிறது, பந்தயம் மோசமான பந்தயமாகியிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் மழை நாளில் அதிகம் இழக்கிறார்கள்.

அதோடு வரி. முன்பு கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். நீங்கள் 100 ரூபாய் கட்டினால் வரி 40, ஆக 140 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஒன்றுக்கு ஒன்று ரேட்டில் ஜெயித்தால் திரும்ப வருவது 200. அப்படியானால் பத்துக்கு ஏழு முறை ஜெயித்தால்தான் போட்டது போட்டபடி நிற்கும். குளம்பைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, நான் 32 வருடத்தில் சேர்த்த அறிவெல்லாம் சேர்ந்தாலும் அந்த 40 ரூபாயைத் தாண்டாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் ஒரு வாரச் சம்பளம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், என் மகள் அங்கேதான் இருக்கிறாள். அந்தப் பணத்தைக் கொண்டு போகாதீர்கள். போய்ப் பாருங்கள், காலைப் பாருங்கள், இது பின்வாங்கும் என்று மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். சரியாக வந்தால் அந்தச் சந்தோஷம் நிஜமானது.

கேள்வி: குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதாமே? – வாசகர், பெருந்துறை

ஆமாம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், அது பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி இவற்றையெல்லாம் எடைபோட வேண்டியிருக்கிறது என்பது காரணம். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. திறமை வேண்டும் என்பதும், உங்களிடம் அது இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பந்தயம் நடத்தும் கிளப்புக்கு வெளியே, போனில் கட்டச் சொல்பவர்களுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: இவ்வளவும் பணத்தைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. மழையில் ஓடும் அந்த ஜீவனுக்கு என்ன ஆகும்? – வாசகி, பவானி

அம்மா, இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்குக் கும்பிடு.

பலரும் சேறுதான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். சேற்றில் குதிரை களைக்கும், தசைநார் இழுத்துக்கொள்ளலாம், ஆனால் வேகமும் குறைந்துவிடும். எனக்குப் பயம் தந்தது வேறு. பத்து நாள் வெயிலில் காய்ந்த தரை மேல் கால் மணி நேரத் தூறல். மேலே சோப்புத் தடவியதுபோல ஆகிவிடும், கீழே கல். குளம்பு குத்தி நிற்க இடமில்லை, வேகமும் குறையாது. வளைவில் பின்னங்கால் வெளியே வழுக்கும். அப்படி ஒரு குதிரை விழுந்ததை ஒரே ஒரு முறை அருகில் நின்று பார்த்தேன். எழுந்துவிட்டது, பிழைத்தது, ஆனால் அதற்குப் பிறகு ஓடவில்லை. அந்த மாதிரி நாளில் பந்தயத்தை நிறுத்தினால் கூட்டம் கத்தும். கத்தட்டும். பம்பாயில் மழைக்காலம் முழுக்கப் பந்தயத்தை நிறுத்திவிட்டு, ஜூலை முதல் புனேயில் நடத்துகிறார்கள். வானத்துக்கு மரியாதை கொடுக்கும் ஏற்பாடு அது.

ஈரத்தில் முன்னே ஓடும் குதிரை எறியும் மண்கட்டி பின்னால் வருகிற குதிரையின் கண்ணிலும் மூக்கிலும் விழும். ஜாக்கிகள் இரண்டு மூன்று கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அழுக்கானதைக் கீழே இழுத்துவிட்டு ஓட்டுவார்கள். குதிரைக்கு அந்த வசதி குறைவு. ஓட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணோரத்தைத் துடைத்து, குளம்பின் அடியை நோண்டிச் சுத்தம் செய்யாமல் எந்த நல்ல குதிரைக்காரரும் சாப்பிட உட்கார மாட்டார்.

கேள்வி: ஊட்டிக் காற்றும் மூடுபனியும் பந்தயத்தைப் பாதித்ததா? – வாசகர், மேட்டுப்பாளையம்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சென்னையிலிருந்து வரும் குதிரைக்கு முதல் வாரம் மூச்சு வாங்கும். வந்த சில நாளில் ஓடவிட்ட குதிரையை நாங்கள் நம்புவதில்லை. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் முதலில் ஓடுபவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருபவன் அவன் நிழலில் ஒதுங்கி வந்து கடைசியில் தாண்டுவான். மூடுபனி இறங்கினால் நடுவருக்கே தெரியாது, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2024-ல் அரசு ஊட்டிப் பந்தய மைதான நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே பூங்கா வந்தால் மக்களுக்கு நல்லதுதான். மே மாத மதியம் அந்தப் புல்லில் ஏழெட்டுக் குதிரை சேர்ந்து வரும் அதிர்வு காலடியில் ஏறுவதை மட்டும் நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு குதிரை வாங்கலாம் என்றிருக்கிறேன். தரையை வைத்து ஏதாவது பார்க்க வேண்டுமா? – வாசகர், சத்தியமங்கலம்

கட்டாயம். சந்தைத் திடலில் மண் மெத்தென்று இருக்கும், தூறல் போட்டிருந்தால் இன்னும் மெத்தென்று இருக்கும். அந்த மண்ணில் நொண்டல் தெரியாது. கொஞ்சம் தள்ளித் தார் ரோட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி, நேர்க்கோட்டில் மெதுவோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். டக், டக் என்று சமமாக விழ வேண்டும். ஒரு அடி கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழுந்தால் ஏதோ ஒரு காலில் வலி இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்து தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். நாலு குளம்பையும் தூக்கி, அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தையை மோந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் ஈரத்தில் நின்று அழுகியிருக்கிறது, அதை மருந்து போட்டு ஆற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ரோட்டுக்கு வரமாட்டேன், மண்ணில்தான் ஓட்டிக் காட்டுவேன் என்று விற்பவர் சொன்னால் அடுத்த குதிரையைப் பாருங்கள்.